தொட்டியில் ஊற்றிய காப்பி

கண் திறப்பதற்கு முன்பே யுவஸ்ரீயின் வலது மணிக்கட்டு விழித்துக்கொண்டது. கட்டைவிரலின் அடியில் பிடித்த வலி முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. கையைப் பாய்க்கு வெளியே நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. இன்றைக்கு ஒரு நாள் மடங்கினால் போதும்.

சீரநாயக்கன்பாளையத்து அந்த லைன் வீட்டில் காலையில் யாரும் யாரையும் 'நன்றாகத் தூங்கினாயா' என்று கேட்பதில்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பார்கள். அப்பா வெள்ளியங்கிரிக்குத் தோள்பட்டை. பவுண்டரியில் மணல் அள்ளுகிற தோள். அம்மா மாரியாத்தாளுக்கு முழங்கால். லேடீஸ் ஹாஸ்டல் சமையல்கட்டில் நின்றே தேய்ந்த கால். ஒரே தைல டப்பா மூன்று பேரிடமும் சுற்றிவரும்.

"கையக் குடு," என்று மாரியாத்தாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்தாள். "காப்பி போடற வேலைன்னு சொன்னாங்க. இதென்ன, கல்லு ஒடைக்கற வேலையாட்ட இருக்குது?"

"எஸ்பிரெஸோம்மா. பொடிய அமுக்கி வெச்சாத்தான் மெசின்ல இருந்து கெட்டியா எறங்கும்."

"எறங்கறது ஒரு வாய்க்குப் பத்தாது. அதுக்கு இந்தப் பாடு."

வெள்ளியங்கிரி கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வருகிற வெள்ளைச் சட்டை. இன்றைக்குப் பகல் ஷிப்டை மாற்றி வாங்கியிருந்தார். யுவஸ்ரீ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம், "அங்கெல்லாம் நமக்கு என்ன கண்ணு வேல," என்று நழுவிவிடுவார்.

ஆனால் அந்த வேலையைக் கேட்டு உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறியவர் அவர்தான். தோட்டத்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று தனபாலைப் பார்த்துக் கேட்டார். வெள்ளியங்கிரி கல்யாணம் முடித்துக் கோயமுத்தூர் வந்து சேரும் வரைக்கும் தண்ணீர் கட்டியதும் தேங்காய் உரித்ததும் தனபாலின் தோட்டத்தில்தான். மாரியாத்தாளும் அங்கே களை எடுக்க வந்தவள்தான். தனபாலின் மகள் லோகப்பிரியா ஆர்.எஸ்.புரத்தில் 'மலைச்சாறு' என்று காப்பிக்கடை திறந்தபோது, பழைய ஆளின் மகள் என்று யுவஸ்ரீக்கு அதில் இடம் கிடைத்தது. பாத்திரம் கழுவத்தான் சேர்த்தார்கள். காப்பி மெஷினை அவளாகக் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் லோகப்பிரியா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். பெருந்துறையில் இரண்டாவது கடை வரப்போகிறது. அந்தக் கடையின் முழுப் பொறுப்பும், எஸ்பிரெஸோவை வைத்து இதுவரை யாரும் தராத ஒரு பானத்தைச் செய்து காட்டுகிறவருக்கு. பணம் போடுபவர் தனபால். குடித்துப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதும் அவர். அந்தக் குடித்துப் பார்க்கிற நாள் இன்றைக்கு.

"மொதல் கோப்பை உங்களுக்குத்தாம்ப்பா," என்றாள் யுவஸ்ரீ. "அவருக்குக்கூட அப்பறம்தான்."

"பண்ணாடி இருக்கறப்ப எனக்கு முன்னால குடுக்காத கண்ணு. நல்லா இருக்காது."

"பண்ணாடின்னு இன்னும் எதுக்குப்பா சொல்றீங்க? உங்களுக்கு அவரா சம்பளம் போடறாரு?"

வெள்ளியங்கிரி சட்டைக் கையை மடித்தார். இறக்கினார். மறுபடி மடித்தார்.

"வாய்ப் பழக்கம்," என்றார்.

* * *

கடைக்கு அவள் போனபோது கூட வேலை பார்க்கிற சாமுவேல் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அரைக்கிற மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். போட்டியில் அவனும் இருந்தான். ஆனால் மூன்று வாரமாக யுவஸ்ரீ செய்து பார்த்ததையெல்லாம் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவனும் அவன்தான்.

பன்னீர் சோடாவில் சுடச்சுட எஸ்பிரெஸோவை ஊற்றியபோது அது பொங்கிச் சீறி அவன் சட்டையில் வடிந்தது. "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போற சட்டை," என்று அழாத குறையாகச் சொன்னான். ராகிக் கூழில் கலந்து கொடுத்தபோது கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது குடிக்கறதுக்கா, செவுத்துக்குப் பூசறதுக்கா?" என்று கேட்டான். புளிப் பானகத்தில் ஊற்றியது துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருந்தது. எலுமிச்சை பிழிந்ததில் பால் சேர்த்துத் திரியவிட்டது அவளுடைய முட்டாள்தனம். கரும்புச் சாறும் இஞ்சியும் சேர்ந்தபோது மட்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது நன்றாக இருந்தது. சுக்கும் கருப்பட்டியும் காய்ச்சி எஸ்பிரெஸோவில் ஊற்றியது இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் அதில் புதுமை இல்லை என்று லோகப்பிரியா ஒதுக்கிவிட்டாள்.

கடைசியில் அகப்பட்டது இளநீர்.

எஸ்பிரெஸோவுக்கு ஒரு குணம் உண்டு. இறங்கின உடனே குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் நுரை அமுங்கி, வாசம் போய், வெறும் கசப்பு மிஞ்சும். காக்க வைக்கிறவனுக்கு அது கசப்பைத்தான் தரும். அந்தக் கசப்பை எது தாங்கும் என்று அவள் தேடினாள். இளநீரில் இருக்கிற இயற்கையான உப்பு அதைத் தாங்கியது. மேலே ஒரு சிட்டிகை கல்லுப்பு, அடியில் வழுக்கைத் தேங்காய், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. குளிர்ந்த இளநீரின் மேல் சூடான எஸ்பிரெஸோவைக் கரண்டி முதுகில் வழியவிட்டால் அது கீழே இறங்காமல் கருப்பாக மேலே நிற்கும். முதல் வாய் கசக்கும். போகப்போக இனிக்கும். லோகப்பிரியா அதற்குத் 'தோப்பு' என்று பெயர் வைத்தாள்.

அதை எதில் ஊற்றிக் கொடுப்பது என்பது யுவஸ்ரீயின் யோசனை. கொடிசியா கண்காட்சியில் ஒரு கடையில் பார்த்தாள். தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, வழவழவென்று தேய்த்து எண்ணெய் போட்டு அடுக்கியிருந்தார்கள். தென்னையில் விளைந்ததைத் தென்னையிலேயே ஊற்றிக் கொடுக்கலாமே என்று தோன்றியது. லோகப்பிரியா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "யுவா, இது ஒண்ணு போதும்! கண்ணாடி கோப்பைய எல்லாம் தூக்கிப் போட்றலாம்."

வீட்டில் அவள் சொல்லவில்லை. அப்பா பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

* * *

தனபால் வெள்ளை வேட்டி கசங்காமல் வந்து இறங்கினார். வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணிடம், "கொஞ்சம் வழி உடுங் அம்மணி," என்றார். மேஜை துடைத்துக்கொண்டிருந்த சாமுவேலிடம், "சாப்ட்டீங்களாங் தம்பி?" என்றார். அவர் வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வராது. அதற்காகவே அவரைப் பிடிக்கும் என்று சாமுவேல் சொல்வான்.

சற்று நேரத்தில் வெள்ளியங்கிரியும் மாரியாத்தாளும் வந்தார்கள். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் வெளியிலேயே நின்றார்கள். யுவஸ்ரீ ஓடிப்போய்த் திறந்தாள்.

"வாடா வெள்ளியங்கிரி," என்றார் தனபால். "என்ன, ஆளே எளச்சுப் போயிட்டே?"

"வாரனுங் பண்ணாடி. நல்லா இருக்கறீங்ளா?"

இரண்டு பேருக்கும் ஒரே வயது. யுவஸ்ரீக்கு அந்த 'டா' காதில் குத்தியது. வேலை கேட்கப் போனபோதும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அதைப் பார்க்கிற நாள் இல்லை. பெருந்துறை முடியட்டும்.

"ஏனுங், நின்னுட்டே இருக்கறீங்க? உள்ள வாங்க," என்று லோகப்பிரியா அவர்களைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். கடைக்குப் பின்னால் திறந்த இடம். மரத்தடியில் நாலைந்து மேஜை, ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் வேலி, கை கழுவ ஒரு பித்தளைக் குழாய். வீட்டின் கொல்லைப்புறத்தைக் கொங்குப் பக்கம் பொடக்காலி என்பார்கள். லோகப்பிரியா அந்தப் பெயரையே அழகான எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருந்தாள். நகரத்துப் பிள்ளைகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

மாரியாத்தாள் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வேலியை ஒரு முறை பார்த்தாள்.

வெள்ளியங்கிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிர் மேஜையில் தனபால். பக்கத்து மேஜையில் இரண்டு பெண் பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யுவஸ்ரீ உள்ளே போனாள். பொடியைப் போட்டாள், அழுத்தினாள். மணிக்கட்டு சுரீர் என்றது. எஸ்பிரெஸோ தேன் போல இறங்கியது. தொட்டியில் வழுக்கை, இளநீர், சர்க்கரை, கரண்டி முதுகில் எஸ்பிரெஸோ, கடைசியில் உப்பு. இரண்டு தொட்டிகள். தட்டில்கூட வைக்கவில்லை. இரு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்தாங்கப்பா. உங்களுக்குத்தான் மொதல்."

வெள்ளியங்கிரி தொட்டியைப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததை யுவஸ்ரீ இந்தப் பிறவியில் மறக்கப்போவதில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினார். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அவள் குழம்பிப்போய்க் குனிந்து தொட்டியைக் கையில் வைத்தாள். அவர் அதை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார். எழுந்து குழாயடிக்குப் போனார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். கழுவியதை உதறிவிட்டு எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். வேலிப் பக்கம் போய், துருத்திக்கொண்டிருந்த ஒரு மூங்கில் முனையில் அதைக் கவிழ்த்தார். விழாமல் நிற்கிறதா என்று ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது போல இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சூப்பருங்!" என்று லோகப்பிரியா கைதட்டினாள். "பாருங்கப்பா, எவ்வளவு அழகா மாட்டிட்டாருன்னு! எல்லாத் தொட்டியையும் இப்பிடியே வேலில கவுத்தி டிஸ்ப்ளே வெச்சரலாம்!"

பக்கத்து மேஜைப் பெண்களில் ஒருத்தி அதைப் படம் எடுத்தாள்.

தனபால் தன் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதன் திரை அணைந்திருந்தது.

யுவஸ்ரீ இன்னொரு தொட்டியை அம்மாவிடம் நீட்டினாள். மாரியாத்தாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாங் அம்மணி. காப்பி ஆகாது. நெஞ்சு கரிக்கும்."

காலை எழுந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் காப்பியிலேயே ஓடுகிற உடம்பு அது. அதைவிட, பெற்ற மகளிடம் அவள் 'வேண்டாங்' என்றாள். வேற்று ஆளிடம் பேசுவது போல.

* * *

"ஏம்மா அப்படிப் பண்றீங்க ரெண்டு பேரும்? மானமே போச்சு."

பாத்திரம் கழுவுகிற இடம். யுவஸ்ரீ அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். மாரியாத்தாள் சுற்றிலும் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள்.

"அந்தத் தோட்டத்துல எங்களுக்குக் காப்பி எப்பிடிக் குடுப்பாங்கன்னு நீ கேட்டதில்ல. நாங்களும் சொன்னதில்ல."

"எப்பிடிக் குடுப்பாங்க?"

"ஊட்டாளுகளுக்கு டம்ளரு. எங்களுக்குப் பொடக்காலில தொட்டி. ஆளுக்கு ஒண்ணு. வேலில, கெளுவ மரத்துக் கொம்புல கவுத்தி வெச்சிருப்போம். காப்பி வருதுன்னா எடுத்துட்டு வந்து குந்திக்கோணும். எட்ட நின்னு மேல இருந்து ஊத்துவாங்க. மழைக் காலத்துல உள்ள பூச்சி ஏறி இருக்கும், தட்டி உட்டுட்டு நீட்டோணும். குடிச்சுப்போட்டு நாமளே கழுவி நாமளே கவுத்தோணும்."

யுவஸ்ரீ குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நானும் அதுலதான் குடிச்சேன். நீ வயித்துல இருக்கறப்பகூட. அதுக்கப்பறம்தான் உங்கப்பா, நம்ம புள்ளை அந்த வேலியப் பாக்கக் கூடாதுன்னு ராவோட ராவா மூட்டையக் கட்டுனாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லாம வளத்தோணும்னுதானே இங்க வந்தோம்."

அவ்வளவுதான் சொன்னாள். குழாயை மூடினாள். மகள் கையில் இன்னும் இருந்த அந்தத் தொட்டியை வாங்கி, இளநீரையும் எஸ்பிரெஸோவையும் வழுக்கையையும் கீழே கொட்டினாள். ஹாஸ்டலில் ஒரு பருக்கை கொட்டினாலும் மனது கேட்காதவள்.

யுவஸ்ரீக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. கண்காட்சியில் பேரம் பேசியது, எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்தது, அப்பா அசந்துபோவார் என்று படுக்கையில் சிரித்தது, எல்லாமே அவள்தான். அவர் விட்டுவிட்டு ஓடி வந்ததை அவள் தேடிப் பிடித்து, விலை கொடுத்து வாங்கி, அவர் கையிலேயே வைத்திருக்கிறாள்.

வெளியே வந்தபோது வெள்ளியங்கிரி மரத்தடியில் தனியாக நின்றார்.

"காப்பி நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு," என்றார். "உப்புப் போட்டியாட்ட. கசப்பே தெரியல."

"அப்பா..."

"கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. நான் வேணும்னு செய்யல. உன்ற மொதலாளிகிட்ட ஏதும் சொல்லிக்கிடாத. பெருந்துறைக் கடை உனக்கு வரோணும். தொட்டில குடுத்தா என்ன, தட்டத்துல குடுத்தா என்ன? இங்க வர்றவங்க எல்லாரும் அதுலதானே குடிக்கப்போறாங்க."

"அவங்க குடிக்கறதும் நீங்க குடிச்சதும் ஒண்ணாங்கப்பா?"

அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

* * *

லோகப்பிரியா கல்லாவுக்குப் பின்னால் இருந்தாள். யுவஸ்ரீ சுற்றி வளைக்காமல் சொன்னாள். அம்மா சொன்னதை, சொன்ன மாதிரியே.

லோகப்பிரியா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். முகம் வெளுத்தது. முதலில் அவள் சொன்னது, "அது எந்தக் காலமோ யுவா. இப்பெல்லாம் பெரிய பெரிய ரிசார்ட்ல தொட்டிலதான் குடுக்கறாங்க." அவளுக்கே அது ஒட்டவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது. சத்தியமா."

"எனக்கும் தெரியாதுங்க்கா. அதுதான் ரெண்டு பேரும் ஒட்டுக்காச் சேந்து பண்ணிப்போட்டோம்."

பின்னால் அடுக்கியிருந்த தொட்டிகள் எண்ணெய்ப் பளபளப்போடு வாயைத் திறந்துகொண்டிருந்தன. லோகப்பிரியா சட்டென்று நிமிர்ந்தாள்.

"போன வாரம் அப்பாகிட்ட ஒண்ணக் காட்டுனேன். கைல வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நல்லா இருக்குதுன்னாரு." அவள் குரல் இறங்கியது. "அவருக்குத் தெரியாம இருக்குமா?"

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். யுவஸ்ரீ தடுக்கவில்லை. தடுத்தால் பெருந்துறை கையைவிட்டுப் போகாது. அது தெரிந்தேதான் பின்னால் நடந்தாள்.

"அப்பா, இந்தத் தொட்டியப் பாத்தப்ப உங்களுக்கு நெனப்பு வரலீங்களா?"

தனபால் மகளைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற யுவஸ்ரீயைப் பார்த்தார். மரத்தடியில் நின்ற வெள்ளியங்கிரியை மட்டும் பார்க்கவில்லை.

"வந்துச்சு," என்றார்.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? நம்ம ஊட்டுல இப்பிடி நடந்துச்சுன்னு நான் உனக்குச் சொல்லோணும். நீ என்னைய ஒரு பார்வை பாப்பே, இப்பப் பாக்கறயே இந்த மாதிரி. ஆசையா ஒண்ணு செய்யறே, கெடுப்பானேன்னு உட்டுப்போட்டேன்."

"ஊத்துனது யாருங்கப்பா?"

"எங்கம்மா." தனபால் மீசையைத் தடவினார். "அவங்களுக்கு முடியாதப்ப நானு."

பக்கத்து மேஜைப் பெண்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். படம் எடுத்தவள் கைப்பேசியை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"பழசையெல்லாம் இப்பக் கெளறி என்னாகப் போவுது?" என்றார் தனபால். குரலில் அதட்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பவர் போலத்தான் கேட்டார். "அவம்புள்ளைக்கு வேல கேட்டான், குடுத்தேன். கடையே குடுக்கலாம்னு இருக்கறோம். வேற என்ன வேணுங்கறீங்க?"

அந்தக் கேள்விக்கு யுவஸ்ரீயிடம் பதில் இருந்தது. ஆனால் அதை வாயால் சொல்லாமல் உள்ளே போனாள்.

சுக்கும் கருப்பட்டியும் காலையில் காய்ச்சியது அடுப்போரம் சூடாக இருந்தது. புதுமை இல்லை என்று ஒதுக்கப்பட்டது. பொடியைப் போட்டாள். அழுத்தினாள். மணிக்கட்டு கெஞ்சியது. இன்னும் ஒரு முறை அழுத்தினாள். எஸ்பிரெஸோவை இறக்கி, சுக்குத் தண்ணீரை ஊற்றி, நுரைத்த பாலை மேலே விட்டாள். கண்ணாடிக் கோப்பையில் இல்லை. சாமுவேல் தண்ணீர் குடிக்க வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவி, அதில்.

சாமுவேல் அரைக்கிற மெஷினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பின்கதவருகே போய் நின்றான்.

யுவஸ்ரீ டம்ளரைக் கொண்டுவந்து தனபால் முன்னால் வைத்தாள்.

"எனக்குச் சுக்குக் காப்பி வேண்டாங் அம்மணி."

"உங்களுக்கில்லீங்க. இத எங்கப்பா கைல குடுங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாங்க."

"யுவா!" என்று வெள்ளியங்கிரி பதறினார். "என்ன பேச்சு இது? பண்ணாடி, புள்ள ஏதோ தெரியாம..."

"இருங்க," என்றாள் மாரியாத்தாள். புருஷனை நாலு பேர் முன்னால் அவள் அடக்கியதில்லை. "சித்த இருங்க. அவ சொல்லட்டும்."

தனபால் டம்ளரைப் பார்த்தார். நுரை மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்க மாட்டார் என்றுதான் யுவஸ்ரீ நினைத்தாள். அவர் எழுந்தார். டம்ளரை எடுத்தார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். நாலு எட்டு தூரம் அவருக்கு நாலு ஏக்கராக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளியங்கிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை குந்தவில்லை. நின்றார். நெஞ்சுக்கு நேராக வலது கையை நீட்டினார். மணல் அள்ளிக் காய்ப்பேறிய கை.

தனபாலின் கையும் நீண்டது. டம்ளருக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தபோது அது நின்றது.

அவர் முகத்தில் வெறுப்பு இல்லை. திமிரும் இல்லை. கையை இன்னும் ஒரு சாண் நீட்டத் தெரியாத ஒரு திகைப்புத்தான் இருந்தது. வெள்ளியங்கிரியின் கை எப்படித் தன்பாட்டுக்குத் தொட்டியைக் கவிழ்த்ததோ, அப்படியே அந்தக் கையும் தன்பாட்டுக்குப் பக்கவாட்டில் திரும்பியது. பக்கத்து மேஜையின் ஓரத்தில் டம்ளரை வைத்தது.

"ம்... குடி வெள்ளியங்கிரி. சூடா இருக்குது."

'டா' இல்லை. அதை யுவஸ்ரீ கவனித்தாள். அவ்வளவு தூரம்தான் அவரால் வர முடிந்தது.

நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு வெள்ளியங்கிரி அதை இறக்கிச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது போலச் செய்தார். டம்ளரை எடுக்கவில்லை.

தனபால் யாரையும் பார்க்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கதவருகே திரும்பி, "பெருந்துறை விசயம் ஞாயித்துக்கெழம சொல்றேன்," என்றார். அது மகளுக்கா, யுவஸ்ரீக்கா என்று தெரியவில்லை. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

லோகப்பிரியா வேலிக்குப் போய், மூங்கில் முனையில் கவிழ்ந்திருந்த தொட்டியை எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"போலாமா மாரியாத்தா?" என்றார் வெள்ளியங்கிரி. "ரெண்டாவது ஷிப்டுக்கு ஆள் இல்லைம்பாங்க."

"அப்பா, நாங் குடுக்கறேன். என்ற கைல வாங்கிக் குடிங்க."

"உன்ற கைல தினமும் குடிக்கறனே கண்ணு." அவர் முதல் முறையாகச் சிரித்தார். யுவஸ்ரீயின் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்கிற இடத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "ஊட்டுக்கு வந்ததும் தைலம் போட்டுக்க."

இருவரும் போனார்கள். கதவை இந்தத் தடவை வெள்ளியங்கிரி தானே இழுத்துத் திறந்தார்.

யுவஸ்ரீ மேஜை ஓரத்தில் இருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. நுரை போய், மேலே ஆடை கட்டியிருந்தது. கொண்டுபோய்க் கொட்டினாள். டம்ளரைத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பதுதான் கடையில் வழக்கம். அவள் அதைக் கவிழ்க்கவில்லை. எஸ்பிரெஸோ மெஷினின் தலைமேல், போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தாள்.

"இதுல யாரும் தண்ணி குடிக்க வேண்டாம்," என்றாள் சாமுவேலிடம்.

"யாருக்கு வெச்சிருக்கறே?"

தனபால் வெள்ளியங்கிரிக்கு ஒரு டம்ளர் காப்பி தர வேண்டும். மேஜையில் வைத்து அல்ல, கையிலிருந்து கைக்கு. அது இன்னும் பாக்கி.